சோணை ஊர் சிவந்த கதை

கள்ளழகர் அறிய, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. தொண்ணூற்றெட்டில் மதுரையில் ஒரு ஆபீசில் நானும் சோணையும் மேலூர்ப் பக்கத்துக் காய்ச்சல் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். ஒவ்வொரு ஊரையும் அக்கம்பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டு, காய்ச்சல் கூடிக் கிடக்கும் இடத்தை அது சிவப்பாக்கும். சோணையின் ஊரில் காய்ச்சலே இல்லை. அதை நம்பித்தான் பிள்ளைத்தாச்சி மனைவியை அங்கே விட்டிருந்தான். ஆனாலும் வரைபடத்தில் அந்த ஊர் சிவந்து நின்றது.

"அண்ணே, எங்க ஊருக்குப் பூச்சியந்தானே போட்டோம்?"

"பக்கத்து ஊர்ப் பொல்லாப்பு ஒட்டியிருக்கும் தம்பி. திரும்ப ஓட்டு."

திரும்ப ஓட்டினோம். சிவப்பு ஒரு வீட்டளவுக்குச் சுருங்கியது. சோணை திரையைத் தொட்டான்.

"சுடுதுண்ணே. ஊருக்குப் போயிட்டு வாரேன்."

அவன் போய்ச் சேருமுன் காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்திருந்தாள்.

எங்கள் ஆபீசில் இருந்தது கறுப்பு வெள்ளை மானிட்டர்.