பார்த்த தேதி

“நம்ம சாட் ஆப்ல, மெசேஜைப் பார்த்தது ‘சமீபத்தில்’னு காட்டினாலே போதும் சார். தேதியெல்லாம் காட்டினா வீட்டுக்கு வீடு சண்டைதான்!” என்றான் டிசைனரான என் அண்ணன்.

அதே ஆபீஸில் டெஸ்டரான நானும் அவனுக்காக மல்லுக்கட்டினேன். மேனேஜர் மசியவில்லை.

“சரியான தேதியே வரட்டும்.”

புது வெர்ஷனை என் போனில் ஏற்றினேன்.

“உன் போன்ல எதுக்கு? டெஸ்ட் போன்ல பாரேன்” என்று பதறினான் அண்ணன்.

அதற்குள் நான் அவனுக்கு அனுப்பியிருந்த பழைய மெசேஜ் திறந்துவிட்டது.

‘அப்பா உன்னையே கேக்கிறாரு. உடனே வாண்ணா.’

அப்பாவை அடக்கம் செய்த பிறகுதான் வந்தான். “இப்பதான்மா மெசேஜையே பார்த்தேன்” என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதான்.

மெசேஜின் கீழே, அவன் பார்த்த தேதி தெரிந்தது.

அன்று அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.