போன தேதி

பாதுகாப்பு அமைச்சரின் அறைக்கு வெளியே ஒரு தேக்குப் பலகை மாட்டியிருக்கும். அந்தப் பதவிக்கு வந்தவர்களின் பெயர், வந்த தேதி, போன தேதி எல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றையும் எழுதியது மாடக்கண்ணுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர், ஆனால் எழுத்து அச்சடித்த மாதிரி விழும். ஆள் நாற்காலியைக் காலி செய்த பிறகுதான் போன தேதி எழுதுவது வழக்கம்.

அன்று காலை செயலாளர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். இப்போதைய அமைச்சருக்குப் போன தேதி. அன்றைய தேதியேதான்.

"அவருதான் உள்ள காபி குடிச்சிட்டு இருக்காரே?"

"எழுதுறது மட்டும்தான் உங்க வேலை, பெரியவரே."

கிழவருக்குக் கோட்டுப் போட்டவன் எவனையும் நம்பிப் பழக்கமில்லை. இருந்தாலும் எழுதினார். கடைசி எண் முடியும்போது கதவு திறந்தது. அமைச்சர் எல்லைக்குக் கிளம்பிவிட்டார். வெளியே ஹெலிகாப்டர் இரைந்தது.

மாடக்கண்ணு குறுக்கே போய் நின்றார். "ஐயா, இன்னைக்குப் போகாதீங்க."

"ஏன், சகுனம் சரியில்லையா?"

"சகுனத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க. பலகையப் படிங்க."

அமைச்சர் ஈரம் காயாத எண்களைப் படித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "என்ன பெரியவரே, என்னை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டீங்க! கண்ணாடிய மாத்துங்க."

செயலாளரும் சிரித்தார்.

"பாவம், பெரியவரு ஹெலிகாப்டர்ல ஏறினதே இல்லையாம். கூட்டிட்டுப் போங்களேன், சார்" என்றபடி, மாடக்கண்ணுவின் விரல்களைப் பிரித்து பிரஷை வாங்கிக்கொண்டார்.