சத்து மாத்திரை டப்பா

“வைரஸ் அப்படியே இருக்கு” என்றார் டாக்டர் டேனியல், ரிப்போர்ட்டை மேசையில் வைத்தபடி.

உதயாவின் முகம் செத்துப்போனது. கல்லீரலில் புகுந்த வைரஸை ஒழிக்க, மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை விழுங்கியவன் அவன்.

அம்மா தையல்நாயகிக்கு ஆற்றாமை தாங்கவில்லை. யார் மேலாவது கொட்டியாக வேண்டும். வாகாக மருமகள் நிஷா பக்கத்திலேயே நின்றாள்.

“எல்லாம் இவளாலதான் டாக்டர்! கல்லீரலுக்கு நல்லதுன்னு எவளோ சொன்னாளாம். செம்பாக்கம் ஏரிக்கிட்ட வண்டியில பம்பளிமாஸ் பழம் வாங்கியாந்து டெய்லி ஜூஸ் புழிஞ்சு குடுத்தா. அதைக் குடிச்சதுலேருந்து புள்ளைக்குத் தலை சுத்துது, எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதுன்றான். அப்புறம் மருந்து எங்க வேலை செய்யும்?”

நிஷா தலையைக் குனிந்துகொண்டாள். துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“பாருங்க, பதில் இருக்கா பாருங்க!”

“பம்பளிமாஸ் இந்த மருந்தைக் கெடுக்காதும்மா. ஆனா ஃபிட்ஸுக்குத் தர்ற சில மாத்திரைங்க இருக்கு. அதுல ஒண்ணைச் சாப்பிட்டாலும் இந்த மருந்து உடம்புல நிக்காது. அதான் முதல் நாளே கேட்டேன். இப்பவும் கேக்கறேன். இவர் வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?”

“சத்து மாத்திரை ஒண்ணுதான் டாக்டர்” என்றாள் தையல்நாயகி, கண் இமைக்காமல்.

உதயா தரையைப் பார்த்தான்.

கூசாமல் சொன்ன பொய். எட்டாம் வகுப்பிலிருந்தே அவனுக்கு வலிப்பு உண்டு. பெண் பார்க்கப் போனபோது அதை மறைத்த புண்ணியவதி தையல்நாயகிதான். கல்யாணத்துக்கு அப்புறம் ஃபிட்ஸ் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்தாள். காலையும் மாலையும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள். ‘தெரிஞ்சா அவ பொட்டியைத் தூக்கிக்கினு போயிருவா’ என்று மகனின் வாயையும் கட்டிப்போட்டாள். இரண்டு வருஷமாக ரகசியம் பத்திரமாக இருந்தது. மகனின் கல்லீரல்தான் பத்திரமாக இல்லை.

“நிஷா, நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளியில உக்காருங்க. அம்மாகிட்ட பேசணும்” என்றார் டாக்டர்.

கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார்.

“கல்லீரல் சுருங்க ஆரம்பிச்சிருக்கும்மா. அடுத்த தடவையும் மருந்து வீணாச்சுன்னா, உங்க பையனை நான் காப்பாத்திடுவேன்னு சொல்ல முடியாது.”

தையல்நாயகி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே உடைந்துபோனாள்.

“ஃபிட்ஸ் மாத்திரைதான் டாக்டர்... சின்ன வயசுலேருந்து சாப்பிடறான். பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு மறைச்சேன். இந்தப் பாவி வாய்தான் எம்புள்ளைக்கு எமனாயிடுச்சு!”

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“தலை சுத்தினதும் அதாலதான். பம்பளிமாஸ் சேர்ந்தா அந்த ஃபிட்ஸ் மாத்திரை ரத்தத்துல ஏறிடும். ஜூஸை நிறுத்துங்க. ஆனா மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, ஃபிட்ஸ் வந்துடும். நரம்பு டாக்டருக்கு லெட்டர் தரேன். அவர் மாத்திரையை மாத்தட்டும். அப்புறம் வேற மருந்து ஆரம்பிப்போம்.”

“சரியாயிடுமா டாக்டர்?”

“முயற்சி பண்ணுவோம். கெட்டுப்போனது கெட்டதுதாம்மா.”

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “அவகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. உங்க காலுல வுழறேன். தெரிஞ்சா என்னை மனுஷியாவே மதிக்க மாட்டா.”

“நான் சொல்லல. ஆனா நீங்க சொல்லித்தான் ஆகணும். ஃபிட்ஸ் வந்தா கூட இருக்கப்போறது அவங்கதானே?”

லெட்டரை ஃபைலில் செருகிக் கொடுத்தார். கவுன்டரில் காட்டச் சொன்னார்.

வெளியே நிஷா, உதயாவுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தையல்நாயகி நேராகக் கவுன்டருக்குப் போனாள். லெட்டரைத் தேடி ஃபைலைப் புரட்டினாள்.

நடுவில் ஒரு நோட்டுத் தாள். ஓரத்தில் டேப் போட்டு ஒரு மாத்திரை ஒட்டியிருந்தது. மளிகைச் சீட்டில் தினமும் பார்க்கிற அதே குண்டு குண்டுக் கையெழுத்து. போன செவ்வாய்க்கிழமைத் தேதி.

‘டாக்டர், அவர் சாப்பிடறது சத்து மாத்திரை இல்லையாம், ஃபிட்ஸ் மாத்திரையாம். டப்பா காலியாகுதேன்னு புதுசு வாங்கப் போனேன். மருந்துக் கடைக்காரர் பார்த்துட்டுச் சொன்னார். எனக்குத் தெரிஞ்சது அத்தைக்குத் தெரிய வேண்டாம். அப்புறம் அவங்க வீட்டுலயே என் எதிர்ல அவங்களால தலை நிமிர முடியாது. என் மேல பழி போட்டாலும் பரவாயில்லை, எங்களை வெளியே அனுப்பிட்டு இன்னொரு தடவை கேளுங்க. அவங்களா சொன்னதாவே இருக்கட்டும்.’