நாலாவது வண்டி

“நாலு வண்டியில மூணு நின்னுபோச்சு. ஓன் வண்டி மட்டும் எப்படிலே ஓடுது?”

ராமசுப்பிரமணியன் இதைக் கேட்டபோது டிரைவர் மதாரின் சட்டைக் காலர் அவர் கையில் இருந்தது. உப்பூர் இறால் கம்பெனியில் லோடு ஏற்றும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“கைய எடுங்க முதலாளி. ஓடுற வண்டி ஓடத்தான் செய்யும். நிக்கிற வண்டியப் போய்க் கேளுங்க.”

வண்டிகள் நின்றது காலை ஒன்பது மணிக்கு. ஒரு வண்டி தேவிபட்டினம் தாண்டி நடுரோட்டில் நின்றது. ஒன்று அக்காள்மடத்தில். இன்னொன்று கம்பெனி கேட்டைத் தாண்டுவதற்குள்ளேயே நின்றுவிட்டது. நாலுமே புது மாடல். போனில் இருந்தபடியே இன்ஜினைப் பூட்டலாம், திறக்கலாம். எவனோ மூன்றையும் பூட்டி, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான். முதலாளியின் போனை வண்டிகள் மதிக்கவில்லை. உள்ளே இறாலுக்குப் போட்ட ஐஸ் உருகி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

மதார் மட்டும் மண்டபம் ஊருக்குப் போய் லோடு இறக்கிவிட்டுப் பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தான். இறங்கிய காலோடு முதலாளி காலரைப் பிடித்தார்.

“கத்தாருக்கு விசா வந்துருச்சு. போற போக்குல எனக்கு வேட்டு வச்சுட்டுப் போலாம்னு பாத்துட்டேல்ல?”

“விசா வந்தவன் எதுக்கு முதலாளி வம்ப வெலைக்கு வாங்கணும்? வியாழக்கிழம போலீஸ் சர்டிபிகேட் வாங்கப் போறேன். எம்மேல கேசுன்னு ஒரு வரி இருந்தா அம்புட்டுத்தான், என் குடும்பமே நடுத்தெருவுல நிக்கும்.”

“நிக்கட்டும். எஸ்.ஐ. வந்துக்கிட்டு இருக்காரு.”

மதார் காலரை விடுவித்துக்கொண்டான். பதினோரு வருஷம் ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கித் தோளில் காய்ப்பு ஏறிய உடம்பு. அதை ஒரு நிமிஷத்தில் திருட்டு உடம்பு ஆக்கிவிட்டார் மனுசன்.

“பதினோரு வருஷம் முதலாளி! ஒரு பெருநாளைக்கு லீவு கேட்டா மூஞ்சியத் தூக்குவீங்க. பாம்பன் பாலத்துல லாரிக்காரன் பின்னால வந்து முட்டுனதுக்கு என்னைய வஞ்சீங்க. புதுக் கதவு மாட்டி ஒரு மாசமாச்சு, ஒரு பெயிண்டரக் கூப்பிட ஒங்களுக்கு மனசு வரல. மொட்டைக் கதவோட போறேன், செக்போஸ்ட்காரன் சிரிக்கிறான். எதுக்காச்சும் வாயத் தொறந்தேனா? இப்ப தொறக்குறேன். என்னையத் திருடங்குறதுக்கு என்ன ஆதாரம் வச்சிருக்கீங்க?”

“ஓன் வண்டி ஓடுதுல்ல, அதான்லே ஆதாரம்!”

“அதுவும் சரிதான?” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. மதார் திரும்பிப் பார்த்தான். நேற்றுவரை அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்த பஞ்சம்மாள்.

வண்டி விற்ற கம்பெனியில் இருந்து மாரிச்செல்வி ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கேட்டில் நின்ற வண்டியில் லேப்டாப்பை மாட்டி அரைமணி நேரம் தட்டினாள். முகம் சரியில்லை.

“பூட்ட ஒடைக்கல சார். சரியான பாஸ்வேர்டு போட்டே உள்ள வந்திருக்காங்க. மூணு வண்டிக்கும் மொத தடவையே சரியாப் போட்டிருக்காங்க.”

“கேட்டியாலே? நான் போன்ல அமுக்குறத எட்டிப் பாத்துருக்கேல்ல.”

“நாலாவது வண்டிக்கும் போட்டுப் பாத்துருக்காங்க சார். ஒம்பது தடவ தப்பாப் போட்டுட்டு விட்டுட்டாங்க.”

“நடிப்பும்மா! தன் மேல சந்தேகம் வந்துறக் கூடாதுல்ல?”

மதார் பல்லைக் கடித்தான். எதைச் சொன்னாலும் தன் கழுத்துக்கே திரும்புகிற கத்தியாக இருந்தது.

மாரிச்செல்வி பையில் இருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். “மூணு மாசத்துக்கு ஒருக்கா பாஸ்வேர்டு மாத்தணும், அடுத்தவங்க ஊகிக்க முடியாததா வைக்கணும்னு விதி. பன்னெண்டு கேள்விக்கும் ‘ஆம்’னு டிக் அடிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“டிக் அடிச்சாத்தான் வண்டிக்குச் சர்டிபிகேட்டுன்னீங்க. அடிச்சேன்.”

“மாத்துனீங்களா?”

“வண்டி வாங்குன அன்னைக்கு வச்சது. வண்டிக்கு ஒன்னா வேற வேற வச்சிருக்கேன். நானும் ஏமாளி இல்லம்மா.”

“அந்தப் பழசச் சொல்லுங்க சார். அது இருந்தாத்தான் ரீசெட் பண்ண முடியும்.”

“இந்தக் களவாணிப்பய முன்னாலயா?” அவளைச் சுவரோரமாகக் கூட்டிப்போய்க் காதோடு காதாகச் சொன்னார்.

அவள் கேட்டில் நின்ற வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். கதவு நிறைய, முழ நீள இங்கிலீஷ் எழுத்தில், முதலாளியின் சம்சாரம் நாகலெட்சுமியின் பேர். அதற்குக் கீழே முதலாளியின் செல் நம்பர். மற்ற இரண்டு வண்டியிலும் இதே பெயிண்டர்தான், ஒன்றில் மகன் பேர், ஒன்றில் மகள் பேர் எழுதியிருந்தான். மாரிச்செல்வி திரும்பி, மதார் வண்டியின் மொட்டைக் கதவையும் பார்த்தாள்.

அப்போது ஜீப் வந்து நின்றது. எஸ்.ஐ. இறங்கி, “எவன் அது?” என்றார்.

“இவன்தான் சார். இவன் வண்டி மட்டுந்தான் ஓடுது!” முதலாளி மதாரைப் பிடித்துத் தள்ளினார்.

மாரிச்செல்வி குறுக்கே வந்து நின்றாள்.

“அவரு வண்டியில மட்டுந்தான் சார், இன்னும் பாஸ்வேர்டு எழுதல.”