பெயர்நாள் வாழ்த்து

சிஃப்னோஸ் தீவின் துறைமுக உணவகத்தில், வறுத்த மீன் வந்தும் அர்கிரோ கை வைக்கவில்லை.

"அம்மாவுக்கு இன்னும் வாழ்த்து சொல்லலயா? மாதா திருநாளும் அதுவுமா! உங்கம்மா மாதிரி டெஸ்பினான்னு பேர் வெச்ச எல்லாருக்கும் இன்னிக்குத்தான்டி பெயர்நாள்" என்றாள் தோழி கிளியோ.

"ஆஸ்பத்திரியில டியூட்டின்னு அம்மாகிட்டப் பொய் சொல்லிட்டு உன்னோட இந்தத் தீவுக்கு வந்துட்டேன். அப்பா போனப்புறம் அம்மாவுக்கு வர்ற முதல் பெயர்நாள். என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?"

"போன்ல மூஞ்சி தெரியாது. பேசு!"

அலைச் சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று உணவகத்தின் பின்சுவர் ஓரமாகப் போய் நின்று அழைத்தாள்.

"அம்மா, நூறு வயசு வாழணும்! சாப்பிட்டியா?"

"பீன்ஸ் சூப் வெச்சிருக்கேன்டி செல்லம். வீட்டுல நானும் ஃபேனும்தான். என்னைப் பத்திக் கவலப்படாதே, உன் வேலையப் பாரு."

அந்த நேரம் பார்த்துக் கரைக்கு வந்த கப்பல் நீளமாக ஊதியது. செத்தோம் என்று போனைப் பொத்தப் போனவள் அப்படியே நின்றாள். அதே ஊதல் போனுக்குள்ளிருந்தும் வந்தது.

"ஐயையோ, டிவியில கப்பல் படம் ஓடுதுடி. அப்புறம் பேசறேன்!"

அர்கிரோ சுவர் முனையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

பக்கத்து உணவகத்தின் குடை நிழலில், புது வைக்கோல் தொப்பியோடு அம்மா. கூடவே அக்கம்பக்கத்து வீட்டுத் தோழிகள் இருவர்.

"சுட்ட ஆக்டோபஸ் ஆறுது, சாப்பிடு டெஸ்பினா!"

"எப்படி இறங்கும்? என் பொண்ணு அங்க டியூட்டியில கெடந்து சாகறா. அவகிட்டப் போய்ப் பொய் சொல்லிட்டேனே!"