மூன்று டிகிரி

“கஞ்சியை ஊதி ஊதி ஆத்துதியளே அப்பா, அந்தச் சூடு எங்க போவும்?” என்று மகள் கோமளவல்லி ஒருநாள் கேட்டாள். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கும் முத்துநாயகத்துக்கு, அதை ஆறு வயசுப் பிள்ளைக்குப் புரியவைப்பதற்குள் வேர்த்துவிட்டது.

இன்று அதைவிட அதிகமாய் வேர்த்தது. தக்கலைப் பக்கத்துப் புதுக் கல்லூரியில் இன்ஸ்பெக்‌ஷன். திருவனந்தபுரத்திலிருந்து வரும் பேராசிரியர் வள்ளிநாயகம் பிள்ளையின் கண்முன்னே, சூட்டை அளக்கும் கலோரிமீட்டர் ஒழுங்காய் ஓடினால் பி.எஸ்ஸி. வகுப்பு உண்டு. ஓடாவிட்டால், சேரக் காத்திருக்கும் இருபத்திரண்டு பிள்ளைகளும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கருவியில் குறை இல்லை. ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் கம்பிச் சுருள். சுருளில் மின்சாரம் பாய, குழாயில் தண்ணீர் ஓட, வெளியே வரும் தண்ணீர் மூன்று டிகிரி சூடேறியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு மின்சாரமும் வரவில்லை, தண்ணீர்க் குழாயும் வரவில்லை!

மின்சாரம் பஸ்ஸிலிருந்து வந்தது. டிரைவர் ஞானையன் தன் வண்டியின் பாட்டரியைக் கழற்றித் தோளில் சுமந்துவந்து இறக்கினார்.

“பன்னிரண்டு மணி பஸ்ஸு இன்னைக்கு ரெண்டு மணிக்குத்தான் போவும். பாசஞ்சர்மாருக்க சாபம் மொத்தமும் உமக்குத்தான், கேட்டேரா!”

தண்ணீர் கிணற்றிலிருந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே மதில்மேல் ஒரு தகர டிரம். விடுதிக்குத் தண்ணீர் சுமக்கும் சத்தியபாய் அதைக் குடம் குடமாய் நிரப்ப, ரப்பர் குழாய் வழியே தண்ணீர் உள்ளே இறங்கியது. டிரம் எந்நேரமும் விளிம்புவரை நிறைந்தே இருக்க வேண்டும். நான்கு விரல் இறங்கினாலும் ஓட்டம் தளர்ந்து சூடு ஏறிவிடும்.

காலையில் ஒத்திகை பார்த்தார்கள். சத்தியபாய் ஊற்றியது பூனை நடந்தது போல இருந்தது. ஒரு சத்தமில்லை, ஒரு துளி சிந்தவில்லை.

“அக்கா, பெரிய சாரு வந்தா மட்டும் கண்ணுல பட்டிராதீங்க.”

“நான் எதுக்கு சாரே படுதேன்? எனக்க நெழலுகூடப் படாது!”

பத்து மணிக்குக் கார் வந்தது. கூட வந்தவர்களைப் பிரின்சிபால் நூலகத்துக்கு அழைத்துப் போக, பேராசிரியர் மட்டும் நேரே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். இரண்டு கல்லூரிகளை மூடவைத்தவர் என்று பேச்சு. முகமும் அப்படித்தான் இருந்தது.

“தண்ணி ஒரே சீராட்டு வருமாடே?”

“வரும் சார்” என்றார் முத்துநாயகம்.

வந்தது. கால் மணி நேரம் மூன்று டிகிரி அசையாமல் நின்றது. பிறகு பாதரசம் மெல்ல மேலே நகர்ந்தது. மூன்றே கால். மூன்றரை. முத்துநாயகம் மனசுக்குள் சுசீந்திரத்துக்கே ஓடி, தாணுமாலயன் சாமியின் காலைக் கட்டிக்கொண்டார்.

பேராசிரியர் வெப்பமானியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். “நீ ரீடிங் எழுதிட்டிரி. நிமிசத்துக்கு ஒண்ணு, விடப்பிடாது. நான் கிணத்தடியில போயி கை கழுவிட்டு வாறேன்.”

கிணற்றடியிலா! அங்கேதானே சத்தியபாய் இருக்கிறாள்!

“சார், தண்ணிய நான் இங்கயே கொண்டு...”

“எழுதுடே!”

முத்துநாயகம் எழுதினார். எழுத்து எழுத்தாகவே இல்லை. சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ‘டங்’கென்று குடம் டிரம்மில் மோதியது. ‘சளார்’ என்று பாதித் தண்ணீர் மதிலில் கொட்டியது. மறுபடியும் ஒரு ‘டங்’.

‘ஐயோ பாவம், சாரைக் கண்ட பயத்தில் அக்காவுக்குக் கை நடுங்குது’ என்று நினைத்துக்கொண்டார். ஆனால் பாதரசம் இறங்கியது. மூன்றில் வந்து, சமர்த்துப் பிள்ளையாய் உட்கார்ந்தது. ஆய்வுக்கூடம் என்று பார்க்காமல் ஒரு குதி குதித்தார் முத்துநாயகம்.

இருபது நிமிடம் கழித்துப் பேராசிரியர் திரும்பி வந்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. கணக்கைச் சரிபார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

அவர் காரில் ஏறும்போது முத்துநாயகத்துக்கு மனசு கேட்கவில்லை. “சார், ஒரு விசயத்த மறைச்சிட்டேன். அந்தத் தண்ணி...”

“பார்த்தேன். மூணு மாசத்துக்குள்ள பைப்பும் கரண்டும் வரணும்னு எழுதியிருக்கேன். கருவி ஓடிச்சு, கணக்கு சரியா வந்துது. அது போரும்.”

அவர் குரல் சட்டென்று தணிந்தது. “எனக்க பரீட்சை அன்னைக்கும் இப்பிடித்தான் தண்ணி நின்னு போச்சு. கூடப் படிச்ச மணவாளக்குறிச்சிக்காரன், சூசைன்னு பேரு, தனக்க சோதனைய அப்படியே போட்டுட்டு மாடியில ஏறித் தொட்டியில எனக்காவ தண்ணி ஊத்தினான். நான் ஜெயிச்சேன், அவன் தோத்தான். ஊத்தினது அவன்தான்னு எனக்குத் தெரிஞ்சப்போ, அவனைக் கடல் கொண்டுபோயிருந்தது.”

கார் போய்விட்டது. எவ்வளவு பெரிய மனசு, கண்டும் காணாமல் விட்டுவிட்டாரே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்துநாயகம் கொல்லைக்கு ஓடினார். “அக்கா, ஜெயிச்சாச்சு! உங்க கையைக் கும்பிடணும்!”

கிணற்றடியில் யாரும் இல்லை. ஈரக் குடம் மட்டும் கவிழ்ந்து கிடந்தது. மூச்சிரைக்கப் பின்வாசல் வழியே வந்தாள் சத்தியபாய்.

“காலையில கார் வந்த சத்தம் கேட்டதும் வீட்டுக்கு ஓடினவ, இப்பந்தான் சாரே வாறேன். கண்ணுல படப்பிடாதுன்னு நீங்கதானே சொன்னிய?”