எழுபத்திரண்டு கிலோ

அவள் லிஃப்டுக்குப் புரோகிராம் எழுதுபவள். அவள் கணவன் அதே லிஃப்டின் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்று நின்று போனதால், மொட்டைமாடி அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து பிழையைத் தேடிக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித் தேடுவதுதான் அவள் வழக்கம். இன்று பிழை தேட உதவும் அதே டீபக்கருக்கு மேல், லிஃப்டின் வேகம், உள்ளே இருக்கும் எடை என எல்லாவற்றையும் கட்டம் போட்டுக் காட்டும் புது ஜன்னல் ஒன்றைத் திரையில் திறந்து வைத்திருந்தாள்.

"வேலை பாக்குறியா, படம் பாக்குறியா?" என்று லிஃப்டுக்குள் நின்றபடி போனில் சீண்டினான் கணவன்.

"படத்துல நீங்க எழுபத்திரண்டு கிலோ. தொப்பை தனியாத் தெரியல. பேசாம நில்லுங்க."

அவள் சிரித்து முடிப்பதற்குள் கீழே பெரும் சத்தம் கேட்டது. தரை அதிர்ந்தது. பதறிப்போய்ப் புரோகிராமை நிறுத்தினாள்.

"என்னங்க, என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. வெளிய வந்துட்டேன். மேல வர்றேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எடைக் கட்டத்தில் எழுபத்திரண்டு அப்படியே இருந்தது. நிறுத்திய புரோகிராமில் பழைய எண்தான் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் லிஃப்டுக்குள் இப்போது இருக்கும் எடையைப் படிக்கும் வரியை மட்டும் மறுபடி ஓட்டினாள். எழுபத்திரண்டு. இன்னொரு முறை ஓட்டினாள். எழுபத்திரண்டு.

கணவன் படியேறி வந்து, பக்கத்திலிருந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தான். அவனுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

"ஏன் அப்படிப் பாக்குற?" என்றான் வாஞ்சையாக.

அவள் நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மெத்தை கொஞ்சமும் அமுங்கவில்லை.